மலைக்கிராமங்களுக்கு நலப்பயணம்: புறப்படும் முன் இரண்டு கேள்விகள்

எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் பகுதிகளைச் சேர்ந்த இளைஞர் மன்றத்தினரும் தொழிற்சாலை நண்பர் குழுவினரும் மலைக்கிராமங்களுக்கு நடந்து சென்று உதவ விரும்புவதாகக் கூறி, மருந்துகள் கேட்டு எம்மை அணுகுவதுண்டு. நம்மிடம் சிகிச்சை பெறுவோரில் சிலரும், "நானும் போகலாமா?" என்று வினவுகின்றனர். எதைக் கொண்டு செல்வது, யார் செல்வது என்னும் இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண்போம்.

முதல் கேள்விக்குத் தருமபுரி மாவட்டத்தின் சிட்டிலிங்கி நல்ல விடை தருகிறது. கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு இடையே அமைந்த இப்பள்ளத்தாக்கிற்கு 1993-இல் மருத்துவத் தம்பதியர் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் வந்தபோது, பிறக்கும் 1,000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. ஊரார் கட்டித் தந்த குடிசையில் சிகிச்சை தொடங்கியது. உள்ளூர்ப் பெண்கள் பயிற்சி பெற்று, கருவுற்ற தாய்மார்களையும் பச்சிளங்குழந்தைகளையும் தம் ஊர்களிலேயே கவனித்து வந்தனர். காலப்போக்கில் அவ்வெண்ணிக்கை 20 என்ற அளவுக்குக் குறைந்தது.

சில ஆண்டுகள் கழித்து அவர்கள் பள்ளத்தாக்கின் ஊர்கள்தோறும் பாதயாத்திரை சென்றனர். பொருள்களை வழங்குவதற்காக அன்று. மக்களின் தேவைகளைக் கேட்டறிவதற்காகவே நடந்தனர். உழவுத் தொழிலின் நலிவே தங்களை வாட்டுவதாக மக்கள் கூறினர். இயற்கை வேளாண்மைப் பணி அதன்பின் அங்கு வேர்விட்டது.

நம் குழுக்களுக்கும் இதுவே வழிகாட்டி. ஒரு நாள் முகாமில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் கண்டறிந்து, பத்து நாள் மாத்திரை தந்து திரும்பினால், பதினோராம் நாள் அவர் என்ன செய்வார்? மாதந்தோறும் மாத்திரைக்காக இங்கு வரிசையில் நிற்கும் உங்களுக்கு இக்கேள்வியின் கனம் தெரியும். ஆகவே புறப்படும் முன் அப்பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்துடன் பேசுங்கள். புதிதாகக் கண்டறியப்படுவோரின் விவரத்தைக் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் ஒப்படையுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகள் வீட்டிற்கே வந்து வழங்கப்படுகின்றன. அத்திட்டத்தில் ஒருவரைச் சேர்த்து வருவது, ஒரு பெட்டி மருந்தினும் பெரிய உதவி. வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளைத் திரட்டிச் செல்வதை அறவே தவிர்க்க வேண்டும். காலாவதியானவையும் பெயர் அறியாதவையும் நஞ்சாகக்கூடும்.

இனி, யார் செல்லலாம்? நம் பகுதி கடல்மட்டத்தை ஒட்டிய சமதரை. இங்கு நாள்தோறும் 5 கிலோமீட்டர் நடப்பவருக்கும் மலைச்சரிவு புதிய சுமையே. அண்மையில் மாரடைப்பு ஏற்பட்டவர்களும், இரண்டு மாடிப்படி ஏறினாலே மூச்சிரைப்போ நெஞ்சு இறுக்கமோ காண்பவர்களும் மருத்துவரின் ஒப்புதலின்றிச் செல்லலாகாது. ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைப் பைக்குள் ஆழப் புதைக்காமல் சட்டைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும்.

நீண்ட நடை இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும். நீரிழிவு உள்ளவர்கள், குறிப்பாக இன்சுலின் போடுபவர்கள், குளுக்கோஸ் வைத்திருக்க வேண்டும். வியர்வை, நடுக்கம், தலைச்சுற்றல் தோன்றினால் உடனே அமர்ந்து அதனை உட்கொள்ள வேண்டும். கால் மரத்துப்போனவர்களுக்குக் கொப்புளம் வந்ததே தெரியாது. ஆகவே உடன் செல்லும் உறவினர் ஒவ்வொரு மாலையும் அவர்களுடைய பாதங்களைப் பார்த்துவிட வேண்டும்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பரவிய காட்டுத்தீ, மலையேறச் சென்ற பலரின் உயிரைப் பறித்தது. அவர்களில் சென்னையிலிருந்து சென்றவர்களும் இருந்தனர். வனத்துறையின் அனுமதியின்றியும், பாதை அறிந்த உள்ளூர் வழிகாட்டியின்றியும் எந்தக் குழுவும் காட்டுக்குள் நுழையக் கூடாது. கோடையின் வறண்ட நாள்களைத் தவிர்ப்பது நன்று.

செல்ல விரும்பும் நோயாளிகள் பயணத்திற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே மருந்துச் சீட்டுடன் புறநோயாளர் பிரிவுக்கு வாருங்கள். உங்களைக் கவனித்துக்கொள்பவரையும் அழைத்து வாருங்கள். எவ்வளவு தூரம் நடக்கலாம், எந்த மருந்தை எப்போது உட்கொள்ளலாம் என்பதை மூவருமாக அமர்ந்து முடிவு செய்வோம்.