தூண்டில் யார் கையில் இருக்கிறது?

கோடை வந்துவிட்டால் டல்லாஸ், ஹூஸ்டன் வட்டாரத் தமிழ் வீடுகள் பலவற்றில் ஊரிலிருந்து வந்த அப்பா அம்மா இருப்பார்கள். சனிக்கிழமை புளியோதரை கட்டிக்கொண்டு, ஒரு டப்பா மண்புழுவும் இரண்டு தூண்டிலுமாக ஏரிக்குக் கிளம்புவார்கள். பேரப்பிள்ளைகளைவிடத் தாத்தாவுக்குத்தான் அதில் ஆசை அதிகம். சிக்கலும் அவரிடமிருந்தே தொடங்கும்.

டெக்சாஸில் 17 வயது நிரம்பியவர் யாராக இருந்தாலும் பொது நீர்நிலையில் மீன் பிடிக்க லைசென்ஸ் வாங்க வேண்டும். மருமகன் எடுத்த லைசென்ஸ் மாமனாருக்குச் செல்லாது. "சும்மா கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்" என்ற சமாதானமும் எடுபடாது. விசிட்டர் விசாவில் வந்தவர் வெளியாள் கணக்கில் வருவார். ஒரு நாள் லைசென்ஸ் அவருக்கு 16 டாலர், மாநிலவாசிக்கு 11 டாலர். மாநிலவாசி ஆவதற்கு ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து அங்கே குடியிருந்திருக்க வேண்டும். கட்டணம் மாறக்கூடியது என்பதால் வாங்கும்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஆண்டு லைசென்ஸை எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ல் முடிந்துவிடும். ஜூலையில் வாங்கியதைச் செப்டம்பரில் நம்பிப் போகாதீர்கள்.

செலவே வேண்டாம் என்றால் அதற்கும் வழி உண்டு. மாநிலப் பூங்காக்களில் கரையில் நின்று பிடிக்க லைசென்ஸ் தேவையில்லை. நுழைவுக் கட்டணம் மட்டும்தான். ஜூன் மாதத்தின் முதல் சனிக்கிழமை மாநிலம் முழுவதும் லைசென்ஸ் இல்லாமல் பிடிக்கலாம்.

மீன் பிடிப்பது அங்கே உரிமையும்கூட. 2015-ல் வாக்கெடுப்பு நடத்தி மாநில அரசியல் சட்டத்திலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். முறைப்படி மீன் பிடிப்பவருக்கு வேண்டுமென்றே இடைஞ்சல் செய்வது குற்றம். ஆனால் மரத்திலோ கம்பத்திலோ ஊதா நிறப் பெயின்ட் கோடு கண்டால் அது தனியார் நிலம், நுழையாதே என்று பொருள். பலகை இருக்க வேண்டும் என்றில்லை. நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது.

மீன்பிடி விதிகளைக் கண்காணிக்கும் கேம் வார்டன் வந்தால் லைசென்ஸையும் பிடித்த மீனையும் காட்டச் சொல்வார், காட்டிவிடுங்கள். டிக்கெட் எழுதிக் கொடுத்தால் பதற வேண்டியதில்லை. அதில் கையெழுத்துப் போடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. நீதிமன்றத்தில் பதில் சொல்வதாக உறுதி கொடுப்பது, அவ்வளவுதான். அங்கே மறுத்து வாதாடவும் உரிமை உண்டு. கண்டுகொள்ளாமல் விட்டால்தான் வாரன்ட் வரை போகும். அபராதம் 500 டாலர் வரை விதிக்கலாம். குடியுரிமை விண்ணப்பத்தில் இதுபோன்ற விவரங்களைக் கேட்பார்கள். கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

அடுத்தது அளவு. லார்ஜ்மவுத் பாஸ் மீன் பொதுவாக 14 அங்குலம் இருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு ஐந்து. வாயை மூடி, வாலின் இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்து அளக்க வேண்டும். லேக் ஃபோர்க் ஏரியில் கதையே வேறு: 16 முதல் 24 அங்குலம் வரை உள்ளதை வைத்துக்கொள்ளக் கூடாது. மற்ற இடத்தில் பெருமையாகப் படம் எடுத்துக்கொள்ளும் 18 அங்குல மீன் அங்கே அபராதம். சேனல் கெளுத்தி, நீலக் கெளுத்தி இரண்டும் சேர்த்து மாநிலப் பொது வரம்பு 25. ஊர்ப் பூங்காக் குளங்களில் ஐந்துதான். டெக்சாஸ் பூங்கா, வனவிலங்குத் துறையின் 'அவுட்டோர் ஆன்யுவல்' செயலியில் ஏரி வாரியாக விதிகள் இருக்கின்றன.

கெளுத்தி முள் குத்துவது நம் ஊர்க்காரருக்குப் புதிதல்ல. முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள். லேசான விஷம் உண்டு. காயத்தைச் சுத்தமான தண்ணீரில் கழுவி, தோல் வெந்துவிடாமல் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் வைத்தால் வலி குறையும். முள் முறிந்து உள்ளே நின்றாலோ, வீக்கம் ஏறினாலோ, குத்துப்பட்டவர் சர்க்கரை நோயாளி என்றாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். பெற்றோருக்கு விசிட்டர் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறீர்களா என்று அதற்கு முன்பே பாருங்கள். தூண்டில்முள் கண்ணில் பட்டால் பிடுங்கவே கூடாது; 911-ஐ அழையுங்கள்.

படகில் போனால் 26 அடிக்குக் குறைந்த படகுகளில் 13 வயதுக்குட்பட்டவர்கள் லைஃப் ஜாக்கெட் அணிந்தே இருக்க வேண்டும். பெரியவர்களுக்குக் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் போதும் என்கிறது சட்டம். அது போதாது என்பேன். அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் கணக்குப்படி, படகு விபத்தில் மூழ்கி இறப்பவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஜாக்கெட் போடாதவர்கள்.

இவ்வளவையும் சரியாகச் செய்பவர்கள்கூடக் குழம்புச் சட்டியில் கோட்டை விடுகிறார்கள். மகளின் பிரசவத்துக்காக வந்த அம்மா, பிள்ளை பெறப்போகிறவளுக்கு நல்லது என்று ஏரி மீனை அன்றாடம் பரிமாறுவார். மற்ற மீன்களைத் தின்று வளரும் பாஸின் சதையில் பாதரசம் சேர்கிறது. வயிற்றுக் குழந்தையின் மூளை வளர்ச்சியைத்தான் அது பாதிக்கும். மஞ்சள் போட்டு அலசினாலும், எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் பாதரசம் போகாது. கேடோ ஏரிப் பாஸுக்கு இதனாலேயே எச்சரிக்கை விடுக்கப்பட்டது. ஹூஸ்டன் கப்பல் கால்வாய்க் கெளுத்தியில் சிக்கல் டையாக்சின், பி.சி.பி. என்ற நச்சுப் பொருள்கள். இவை கொழுப்பில் தங்குபவை. தோலையும் கொழுப்பையும் நீக்கி, சொட்டச் சொட்டச் சுட்டால் ஓரளவு குறையும். குழம்பில் போட்டால் அந்தக் கொழுப்பெல்லாம் குழம்பிலேயே நிற்கும். (பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு தேடுபவர்களுக்கும் ஒரு சொல்: கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்க வேண்டியவை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்லும் மீன்களில் சுறாவும் உண்டு.)

எந்த ஏரியின் எந்த மீனுக்கு எச்சரிக்கை உள்ளது என்பதை மாநிலச் சுகாதாரத் துறை இணையத்தில் வெளியிடுகிறது. எச்சரிக்கை எதுவும் இல்லாத ஏரி என்றால், நாமே பிடித்த மீன் வாரம் ஒரு வேளை, அந்த வாரம் வேறு மீன் வேண்டாம் என்பது உணவு, மருந்து நிர்வாகத்தின் அறிவுரை. வீட்டில் கர்ப்பிணியோ சிறு குழந்தையோ இருந்தால், தூண்டில் வாங்கும் முன் அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.