ஆராய்ச்சி மாணவர் கற்பது யாது?

புனே நகரில் பாஷாண் சாலையை ஒட்டித் தேசிய இரசாயன ஆராய்ச்சிச்சாலை அமைந்துள்ளது. 1950-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் பிரதமர் நேரு இதனைத் திறந்து வைத்தார். சாயம், பிளாஸ்டிக், வினையூக்கி முதலியவற்றில் இங்கு நடைபெற்ற ஆராய்ச்சிகள் பலரும் அறிந்தவை. ஆயினும் இங்கிருந்து வெளியே செல்வனவற்றுள் இவற்றிற்குக் குறையாத சிறப்புடையோர், டாக்டர் பட்டம் பெற்ற இளம் விஞ்ஞானிகளே எனலாம். அவர்கள் ஆண்டுக் கணக்கில் உழைத்துக் கற்றது யாது? இதற்கு மாணவர் கூறும் விடையும் வழிகாட்டி கூறும் விடையும் பெரும்பாலும் வேறுபடுகின்றன.

மாணவர் முதலில் கருவிகளின் பெயர்களைக் கூறுவார்; பின்னர் வெளியான கட்டுரைகளை எண்ணிக் காட்டுவார். வழிகாட்டியின் கண்ணோட்டம் வேறு. ஒரு வினையில் முதன்முறை நூற்றுக்கு எழுபது பங்கு விளைபொருள் கிடைத்தது, மறுமுறை ஒன்றுமே கிடைக்கவில்லை என்று கொள்வோம். மாணவர் மூன்று மாதம் அலைந்து, கரைப்பானில் சிறிதளவு ஈரம் இருந்ததே காரணம் எனக் கண்டறிகிறார். அம்மூன்று மாதங்களும் வீணாயின என்று அவர் வருந்துகிறார். வழிகாட்டியோ, அவர் ஆராய்ச்சியாளரானது அப்பொழுதுதான் என்று கருதுகிறார். ஆனால் அதனை வாய்விட்டுச் சொல்வதில்லை! தாமே உணர்ந்துகொள்வார் என விட்டுவிடுகிறார்.

இதனால் விளையும் நட்டம் சிறிதன்று. பட்டம் பெற்றோர் அனைவருக்கும் கல்லூரியிலோ ஆராய்ச்சிச்சாலையிலோ இடம் கிடைப்பதில்லை. முப்பது வயதை நெருங்கும் ஒருவர் தொழிற்சாலையின் நேர்முகத் தேர்வில் அமரும்போது, தாம் பழுதான பம்பைச் சீர்செய்ததையும், இளைய மாணவர்க்குப் பயிற்சி அளித்ததையும், பொருள்களைச் சிக்கனமாக வாங்கியதையும் திறமைகளாக எண்ணிச் சொல்வதில்லை. ஆய்வேட்டின் தலைப்பை மட்டுமே சொல்கிறார்.

இவ்வாராய்ச்சிச்சாலைக்கு 1957-இல் முதல் இந்திய இயக்குநராக வந்தவர் சென்னையில் பிறந்த கி. வேங்கடராமன். லாகூரில் பணியாற்றிய காலத்தில் மகால் என்பவருடன் அவர் ஆராய்ந்து 1934-இல் வெளியிட்ட வினை, இன்று பேக்கர்–வேங்கடராமன் இடமாற்றம் என வழங்குகிறது. மகாலின் பெயர் அதில் இல்லை. உழைப்பில் எப்பகுதி பதிவாகிறது, எது மறைகிறது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

விதிகள் ஓரளவு மாறிவந்துள்ளன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகள், ஆராய்ச்சி மாணவர் கற்பித்தலிலும் எழுதுவதிலும் பயிற்சி பெறவேண்டும் என்கின்றன. மத்திய ஆராய்ச்சிச்சாலைகளின் மாணவர்களுக்குப் பட்டம் வழங்கும் அறிவியல், புத்தாக்க ஆராய்ச்சிக் கழகம், ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை கிராம மக்களின் தேவையைச் சார்ந்த பணி ஒன்றைத் திட்டத்தில் சேர்த்தது. சில மாணவர் இதனை ஆராய்ச்சிக்கு இடையூறாகவே கருதக்கூடும். எனினும், கிணற்று நீரில் புளோரைடு மிகுந்திருப்பதை ஓர் உழவர்க்கு அவருடைய மொழியில் விளக்க முயல்பவர், தமக்கு அதில் எவ்வளவு தெரியும் என்பதையும் அன்று அறிந்துகொள்கிறார்.