எஸ்டிமேட்டில் இல்லாத மரங்கள்

மாசி மகத்தன்று புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலுக்குப் போகிற கூட்டம் குதிரைச் சிலையைத்தான் பார்க்கும். 30 அடியைத் தாண்டிய உயரம், முன்னங்கால்களைத் தூக்கித் தாவுகிற கோலம். நேர்ச்சையாக வந்திறங்கும் காகித மாலைகள் கழுத்தை மூடி, முதுகை மூடி, கடைசியில் குதிரையே தெரியாது. சுற்றி நிற்கும் மரங்களை யாரும் செல்போனில் எடுப்பதில்லை.

இந்த மாவட்டத்தின் பழைய தோட்டங்களைத் தேடுகிறவர் அரண்மனைக்குப் போகுமுன் கோயில் காடுகளுக்குப் போகலாம். நடுவில் சாமி, எதிரே மண்குதிரை வரிசை, பக்கத்தில் ஊருணி, சுற்றிலும் கத்தி படாத வீரை, உலக்கைப்பாலை, காசா மரங்கள். ஊர் கூடி வகுத்த அமைப்பு அது. மண்குதிரை செய்து சாமிக்கு எடுத்துவரும் புரவி எடுப்புக்குக் குயவரான வேளாரிடம் பிடிமண் கொடுப்பது அதன் வழக்கங்களில் ஒன்று. காய்ந்த சுள்ளியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதென்பது இன்னொன்று. அரையப்பட்டி, மறமடக்கி பக்கத்துக் காடுகளில் புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரங்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். சித்திரை வெயிலிலும் பச்சை மாறாத இந்த உலர் பசுமைமாறாக் காடு, கிழக்குக் கடற்கரையை ஒட்டித் துண்டுதுண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது.

வரலாற்றுத் தோட்டத்தை உயிருள்ள நினைவுச்சின்னம் என்றது தோட்டப் பாதுகாப்புக்கான 1981ஆம் ஆண்டு புளோரன்ஸ் சாசனம். நம் சட்டமோ கல்லைக் காப்பதில் கெட்டி. சித்தன்னவாசல் விதானத்தில் தீட்டிய தாமரைக் குளத்தைத் தொல்லியல் துறை காக்கிறது. சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கிடையாது. ஊர் வெட்டிய ஊருணிக்கும் அதன் வரத்துவாரிக்கும் அந்தக் கெடுபிடி இல்லை.

2018 நவம்பரில் கஜா புயல் இந்த மாவட்டத்தில் சாய்த்த மரங்கள் கொஞ்சமல்ல. ஆனால் புயலைவிட எனக்குப் பயம் கும்பாபிஷேகத்தின் மேல்தான். திருப்பணி என்றதும் புதரை வழித்துச் சுத்தம் செய்கிறோம், சிமென்ட் தளம் போடுகிறோம், தகரக் கொட்டகை இறக்குகிறோம். நாளைய வீரை மரம் இன்று அந்தப் புதருக்குள்தான் முழங்கால் உயரத்தில் நிற்கிறது. பக்தியில் செய்வதால் கேட்பாரும் இல்லை.

திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் 4.97 ஹெக்டேர் வீரகோயில் காட்டை 2025இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. புதுக்கோட்டை ஊராட்சிகளும் அதே அறிவிப்பைக் கேட்கலாம். கேட்பதற்கு முன் கிராமக் கணக்கில் காடு என்ன பெயரில் பதிவாகியிருக்கிறது, எல்லைக்கல் எங்கே, எந்த மரத்தடியில் யார் பிடிமண் எடுப்பார்கள் என்று எழுதிவைக்க வேண்டும். திருப்பணி எஸ்டிமேட் போடும் பொறியாளர் கையில் அந்தத் தாள் முதலில் போய்ச் சேர வேண்டும்.