தேநீர்க்கடைக் கணினி

"கணினி படித்தால் பிள்ளைக்கு என்ன வேலை கிடைக்கும், சேர்?" பதுளையிலே தோட்டத்துப் பெற்றோர் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆயினும் அதற்கு முன்னே கேட்கத்தக்க வேறொன்று உண்டு: எந்தத் தொழிலின் எந்தக் குறையைத் தீர்ப்பதற்கு இக்கல்வி பயன்படப் போகிறது?

அக்கேள்வியை முன்னரே கேட்டவர்கள் தேயிலை வியாபாரிகள் என்றால் வியப்பாயிருக்கும். இலண்டனில் லயன்ஸ் என்றொரு கொம்பனி தேநீர்க்கடைகள் பலவற்றை நடத்திவந்தது. சில்லறைக் காசுகளாய் வரும் வரவைக் கணக்கெழுதவே பெருஞ்செலவு. ஆகவே 1947 இல் அலுவலர் இருவரை அமெரிக்காவுக்கு அனுப்பிக் கணினிகளைப் பற்றி அறிந்துவரச் செய்தது; பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினியை முன்மாதிரியாகக் கொண்டு 'லியோ' என்னும் கணினியைத் தானே அமைத்தது. 1951 நவம்பரில் அது வெதுப்பகக் கணக்கைச் செய்யத் தொடங்கியது. வணிகத்துக்கு உழைத்த முதற் கணினி அதுவே.

சில ஆண்டுகளின் பின் தேநீர்க்கடைகளின் நாளாந்தத் தேவையும் லியோவிடம் வந்தது. கடைப் பொறுப்பிலிருந்த பெண்கள் முழுப் பட்டியலையும் ஒப்புவிக்க வேண்டியதில்லை. வழக்கமான தேவையில் என்ன மாற்றம் என்பதை மட்டும் தொலைபேசியிற் சொன்னாற் போதும். இச்சிக்கனத்தைத் தந்தது பொறியன்று, கடையின் வழக்கத்தை அறிந்தோர் வகுத்த முறை. அம்முறைகளை வகுத்த டேவிட் கமினர், 1936 இல் நிர்வாகப் பயிற்சியாளராக அக்கொம்பனியிற் சேர்ந்தவர்.

நம் நாட்டிலும் சான்றுண்டு. 1883 இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம், 2020 ஏப்ரலில், கொவிட் ஊரடங்கின் நடுவே, இணையவழிக்கு மாறியது. தேயிலை தேங்கக்கூடாது என்பதே நோக்கம். நோக்கம் ஒன்றாயிருந்ததால் வேலையும் விரைந்து முடிந்தது.

தோட்டத்திலோ நோக்கம் இரண்டு. சில தோட்டங்களில் இன்று கொழுந்தை நிறுப்பது மின்னணுத் தராசு. கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். எவ்வளவு கொழுந்து எந்நேரம் வரும் என்பது தொழிற்சாலைக்குத் தெரியவேண்டும். கூடை சுமந்தவளுக்கோ தன் நிறை தன் பேரிலேயே ஏறியதா என்பது தெரியவேண்டும். முதலாவதை மட்டும் செய்யும் கணினித் திட்டத்தை நல்ல திட்டமென்று நான் ஒப்பமாட்டேன்.

லயத்துப் பிள்ளைக்கு இங்கேதான் ஒரு முதல் இருக்கிறது. 2005 இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலே தேயிலைத் தொழில்நுட்பமும் கணினியியலும் அருகருகே கற்பிக்கப்பட்டு வந்துள்ளன. என் மாணவி ஒருத்தி செயற்திட்டத்துக்காக, தான் கண்டிராத ஏதோவொரு பெருவிடுதியின் அறைப் பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்தாள். "உன் அம்மாவின் கொழுந்துக் கணக்கை எழுதலாமே," என்றேன். மறு திங்கட்கிழமை, தாய் கேட்ட கேள்விகளைக் கொப்பியில் எழுதிவந்தாள்: மழை நாளில் ஈரத்துக்கென்று எத்தனை கிலோ கழிக்கிறார்கள்? சாக்கின் நிறைக்கு எவ்வளவு? ஒரு கிலோ குறைந்ததால் அரைப்பேரான நாட்கள் எத்தனை?