கார்ட்டிசோனும் ஆஸ்பிரினும்

தேகத்தைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைப் பகையெனக் கருதித் தாக்கும் முடக்குவாதத்தால் நடமாட்டமே அரிதாகிப் போன 29 வயதுப் பெண்ணொருத்தி, 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் டாக்டர் ஹென்ச் குழுவினர் செலுத்திய கார்ட்டிசோன் ஊசியின் பலனாக, சில தினங்களிலேயே கடைவீதிக்கு நடந்து சென்றாள். உலகம் வியந்தது, 1950இல் நோபல் பரிசும் வந்தது. ஆயினும் வியப்பு வேறு, நிரூபணம் வேறு அல்லவா?

பிரிட்டனில், நோய் தொடங்கி அதிக காலம் ஆகாதவர்களை, வைத்தியரின் விருப்பு வெறுப்புக்கு இடமின்றித் திருவுளச்சீட்டுப் போட்டாற்போல் இரு பிரிவாக்கி, ஒரு சாராருக்குக் கார்ட்டிசோனும் மறு சாராருக்கு, நம் வீட்டு அலமாரியிலும் கிடக்கக்கூடிய ஆஸ்பிரினும் கொடுத்து, கைப்பிடியின் வலுவையும் மணிக்கட்டின் அசைவையும் பொறுமையாக அளந்து வந்தார்கள். 1954இல் வெளியான அறிக்கையின்படி, ஓராண்டு முடிவில் இரண்டுக்கும் பெரிய தாரதம்மியம் இல்லை. முகம் பூரணசந்திரனாய் உப்பிப் போகும் உபாதை மட்டும் கார்ட்டிசோனுக்கே உரியது.