சுங்கான் கூறும் காலக்கணக்கு

தோற்றுவாய்

பழம்பொருள் ஒன்று கையில் கிடைத்தவுடன் நம் உள்ளத்தில் எழும் முதல் வினா, 'இஃது எக்காலத்தது?' என்பதே. கல்வெட்டுகள் பலவும் தம் காலத்தைத் தாமே கூறுகின்றன. நாணயம் தன்னை வெளியிட்ட மன்னனின் பெயரைக் கூறுகின்றது. ஆயின், மாலுமியும் கூலியாளும் அன்றாடம் கையாண்டு, உடைந்தபின் குப்பையில் எறிந்த எளிய பொருளுக்குச் சான்று பகர்வோர் யாவர்? அத்தகைய எளிய பொருள்களுள் ஒன்று, இன்று பலரும் 'பைப்' என வழங்கும் சுங்கான். மேலைநாடுகளில் பழஞ்சுங்கான்களைத் திரட்டுவோர் பலர் உளர். அவற்றின் காலத்தைக் கணிப்பது தனித்துறை போலவே வளர்ந்துள்ளது. புகைத்தலைப் புகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. சிறுபொருள் ஒன்று வரலாற்றுச் சான்றாக மாறும் முறையையும், அச்சான்று பிறழக்கூடிய இடங்களையும் காண்பதே நோக்கமாகும்.

களிமண் சுங்கான்

அமெரிக்கக் கண்டத்துப் புகையிலை, 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் பரவிற்று. அந்நாட்டு மன்னர் முதலாம் ஜேம்ஸ், 1604இல் புகையிலையைக் கண்டித்துத் தாமே ஒரு நூல் எழுதி வெளியிட்டார். எனினும் அவர் ஆட்சியிலேயே, 1619இல், வெஸ்ட்மின்ஸ்டர் நகரச் சுங்கான் வினைஞர் குழுமம் அரச பட்டயம் பெற்றது. உஸ்மானியப் பேரரசில் சுல்தான் நான்காம் முராத் 1633இல் புகையிலைக்குத் தடை விதித்தார். பிற்காலத்தில் அப்பேரரசின் தலைநகராகிய இஸ்தான்புல்லின் தோப்ஹானே பகுதியே செங்களிமண் சுங்கான் கிண்ணங்களுக்குப் பெயர்பெற்று விளங்கிற்று. கண்டனத்தையும் தடையையும் கடந்து பழக்கம் பரவிய விரைவை இவை உணர்த்தும்.

இங்கிலாந்தில் வெண்களிமண்ணை உருட்டி, தண்டினூடே மெல்லிய கம்பியைச் செலுத்தித் துளையிட்டு, அச்சில் அழுத்திச் சூளையில் சுட்டுச் சுங்கான் செய்தனர். அது மலிவானது, எளிதில் உடைவது. பொற்காசு பல தலைமுறை கைமாறிய பின்னரும் மண்ணில் புதையலாம். களிமண் சுங்கானோ செய்யப்பட்ட சிறிது காலத்திலேயே குப்பையைச் சேர்ந்துவிடும். ஆதலின் அது செய்யப்பட்ட ஆண்டிற்கும் மண்ணில் வீழ்ந்த ஆண்டிற்கும் இடைவெளி குறைவு. அகழாய்வாளர் அதனை ஒரு காலங்காட்டியாகப் போற்றுவதன் காரணம் இதுவே.

அதன் வடிவமும் காலத்தோடு மாறிற்று. தொடக்கத்தில் புகையிலையின் விலை மிகுதி. எனவே கிண்ணம் மிகச் சிறியதாக இருந்தது. விலை இறங்க இறங்கக் கிண்ணம் பெருத்தது. தண்டும் நீண்டது. நீண்ட தண்டினூடே பிளவுபடாமல் துளையிட மெல்லிய கம்பி வேண்டப்பட்டமையால், துளையும் வரவரக் குறுகிற்று.

துளை காட்டும் ஆண்டு

இத்துளைச் சுருக்கத்தை அளவுகோலாக்கியவர், வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் அகழாய்வு செய்த ஜே. சி. ஹாரிங்டன் என்னும் அமெரிக்க அறிஞர். அவர் ஓர் அங்குலத்தை 64 கூறுகளாகப் பகுத்துத் துளைகளை அளந்தார். 1620 முதல் 1650 வரையிலான தண்டுகளில் 8 கூறு அகலமும், 1680 முதல் 1720 வரையிலானவற்றில் 6 கூறும், 1750 முதல் 1800 வரையிலானவற்றில் 4 கூறும் மிகுதியாகக் காணப்படுவதை 1954இல் வெளியிட்டார். சாதாரணத் துளைக்கருவியின் அலகுகளையே அளவியாகக் கொண்டு எவரும் செய்யத்தக்க முறை இது.

1962இல் லூயிஸ் பின்ஃபோர்டு இதனை ஒரு சூத்திரமாக வடித்தார். துளைகளின் சராசரி அளவை 38.26ஆல் பெருக்கி, வரும் தொகையை 1931.85இலிருந்து கழித்தால் சராசரி ஆண்டு கிட்டும். காட்டாக, ஓரிடத்தில் பத்துத் துண்டுகள் கிடைத்தன எனக் கொள்வோம். அவற்றுள் ஒன்று 7 கூறு, ஆறு 6 கூறு, மூன்று 5 கூறு எனின், கூட்டுத்தொகை 58, சராசரி 5.8. அதனை 38.26ஆல் பெருக்க 221.91 ஆகும். கழித்தால் கிடைப்பது ஏறத்தாழ 1710.

கணக்கு எளிது, ஆயின் அதன் எல்லையை அறியாதவன் ஏமாறுவான். பத்துத் துண்டுகள் கணக்கை விளக்கப் போதும். காலத்தை நிறுவப் பெருந்தொகை வேண்டும். ஒற்றைத் துண்டைக் கொண்டு ஆண்டு கூறுதல் தகாது. 1780ஐ ஒட்டி இம்முறை பயனிழக்கின்றது. அதன்பின் துளை முன்போல் ஒழுங்காகக் குறுகவில்லை. மேலும், இஃது ஆங்கிலேயச் சுங்கான்களுக்கு வகுக்கப்பட்டது. டச்சுச் சுங்கான்கள் கலந்திருப்பின் விடை பிறழும். இன்னொன்றும் நோக்குக: துளையின் அளவைச் சுழி என்று கொண்டால் சூத்திரம் 1931 என விடை தரும். துளையே இல்லாத சுங்கான் எந்த ஆண்டிலும் இருந்ததில்லை. சூத்திரம் தான் பிறந்த எல்லைக்குள்தான் உண்மை பேசும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

முத்திரைகள்

நெதர்லாந்தின் கௌடா நகரம் சுங்கான் தொழிலின் பெருநிலையம். அங்குள்ள வினைஞர்கள் கிண்ணத்தின் அடியிலுள்ள குதியில் தத்தம் முத்திரையைப் பதித்தனர். 1740ஐ ஒட்டிக் கௌடா நகரச் சின்னமும் குதியின் பக்கவாட்டில் இடம்பெறலாயிற்று. எனவே அச்சின்னம் உடைய சுங்கான் அதற்கு முற்பட்டதாகாது. ஆயின் வினைஞரின் முத்திரை, தந்தையிடமிருந்து மகனுக்கும் விற்றவரிடமிருந்து வாங்கியவருக்கும் உரிமையாகச் சென்றது. ஒரே முத்திரை பல தலைமுறை வழங்கிற்று. ஆதலின் முத்திரையோடு வடிவத்தையும் ஒப்பிட்டே காலம் துணிதல் வேண்டும்.

மரச்சுங்கானும் வெள்ளிப்பூணும்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து, மத்தியதரைக் கடல் நாடுகளில் வளரும் பிரையர் என்னும் புதர்ச்செடியின் அடிக்கட்டை, சுங்கான் செய்யப் பயன்பட்டது. வெப்பத்தைத் தாங்கும் அக்கட்டையால் பிரான்சின் செயின்ட் குளோட் நகரம் புகழ்பெற்றது. இவ்வகைச் சுங்கான் உடையாமல் பல்லாண்டு நிலைக்கும், பழுதுபார்க்கவும் படும். எனவே களிமண்ணுக்குரிய கணக்கு இதற்குப் பொருந்தாது.

இங்கு உதவுவது கழுத்திலுள்ள வெள்ளிப்பூண். ஆங்கிலேய வெள்ளிப்பொருள்களில் நடக்கும் சிங்கம் வெள்ளியின் தரத்தைக் காட்டும். நங்கூரம் பர்மிங்காம் சோதனைச்சாலையையும், சிறுத்தைத் தலை இலண்டனையும் குறிக்கும். அவற்றோடுள்ள ஓரெழுத்து ஆண்டுதோறும் மாறும். அதுவே ஆண்டைக் காட்டும். 1999 முதல் இவ்வாண்டெழுத்து கட்டாயமன்று. எழுத்து மட்டும் போதாது. அதன் வடிவமும், அதனைச் சூழ்ந்த கட்டத்தின் வடிவமும், சோதனைச்சாலையின் குறியும் ஒருங்கே பொருந்த வேண்டும். எவ்வாறெனின், எழுத்து வரிசை முடிந்தபின் அதே எழுத்து வேறு வடிவில் மீண்டும் வரும்.

வாய்ப்பகுதியும் பேசும். கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தோன்றியது. ஒளிபட்டால் நாளடைவில் பழுப்பேறும். பேக்கலைட் 1907இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே பேக்கலைட் வாய்ப்பகுதி உடைய சுங்கானை 1880க்குரியது என ஒருவர் விற்பின், ஒன்று அவர் கூறும் ஆண்டு பொய். அன்றேல் வாய்ப்பகுதி பின்னர் மாற்றப்பட்டது.

நாட்டின் பெயரும் சான்றாகும். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் உற்பத்தி நாட்டின் பெயர் இருத்தல் வேண்டும் என விதித்தது. அயர்லாந்தின் டப்ளினில் செய்யப்பட்ட பீட்டர்சன் சுங்கான்களில் இது மேலும் சுவையுடையது. 'ஐரிஷ் சுதந்திர நாடு' 1922இல் தோன்றி 1937இல் அப்பெயரைத் துறந்தது. 1949இல் அந்நாடு குடியரசு ஆயிற்று. அப்பெயர்கள் அவ்வக்காலச் சுங்கான்களில் பதிந்துள்ளன. ஒரு நாட்டின் விடுதலை வரலாறு விரல்நீளக் கட்டையில் எழுதப்பட்டுள்ளது எனலாம்.

திரட்டுவோர் கடமை

இச்சான்றுகளை அழிப்போர் பெரும்பாலும் பகைவரல்லர், ஆர்வலரே. பளபளப்பு வேண்டிக் கட்டையை மிகையாகத் தேய்ப்பவர், முத்திரையையும் தேய்த்துவிடுகின்றனர். மண்ணிலிருந்து தண்டுத் துண்டை எடுத்து, எடுத்த இடத்தையும் ஆழத்தையும் குறிக்காமல் பெட்டியில் இடுபவர், பொருளைக் காத்துப் பொருளின் வரலாற்றை இழக்கின்றனர்.

இவ்விழப்பின் அளவை ஓர் எடுத்துக்காட்டு உணர்த்தும். பார்படோஸ் தீவின் நியூட்டன் கரும்புத்தோட்டத்தில், அடிமைகளாக வாழ்ந்து மடிந்த ஆப்பிரிக்கரின் புதைகுழிகளை ஜெரோம் ஹேண்ட்லர் முதலியோர் 1970களில் ஆய்ந்தனர். ஒருவரின் உடலோடு குறுந்தண்டுக் களிமண் சுங்கான் ஒன்று இருந்தது. அஃது ஐரோப்பியர் செய்ததன்று, ஆப்பிரிக்க மரபினது. அம்மனிதரின் பெயரை எந்த ஏடும் குறிக்கவில்லை. எனினும் அவரது தாயகத் தொடர்பையும், அவரைப் புதைத்தோர் அவருக்களித்த மதிப்பையும் அச்சுங்கான் இன்றும் உரைக்கின்றது. அதனைத் தோண்டிச் சந்தையில் விற்றிருப்பின், அது சில காசு பெறும் சுட்ட மண்ணாக மட்டுமே எஞ்சியிருக்கும்.

நிறைவுரை

புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் டால், ஹில் ஆகியோரின் ஆய்வு எடுத்துக்காட்டியது. எனவே பழஞ்சுங்கானைப் பேழையில் வைத்துக் கற்பதே தக்கது, பற்றவைத்தல் தகாது. சுங்கான் நமக்குக் கற்பிக்கும் முறை ஓலைச்சுவடிக்கும், பழம்பானைக்கும், பாட்டனார் விட்டுச்சென்ற பித்தளைச் செம்புக்கும் பொருந்தும். ஒன்று கூறுவதை மற்றொன்றோடு ஒப்பிடுக. மாற்றப்பட்ட உறுப்பைத் தேடுக. கிடைத்த இடத்தை எழுதி வைக்க. ஐயம் எழுமிடத்து 'இதற்கு முற்பட்டதன்று' என்ற அளவில் நிறுத்துக. ஆண்டைத் துணிந்து பொய்யாகக் கூறுவதினும் அளவறிந்து மெய்யாகக் கூறுவதே ஆய்வாளர்க்கு அழகாகும்.