தளபதிகளுடன் டெல்லி, அகதிகளுடன் அய்சால்

மிசோரமின் கிழக்கு ஓரத்தில் உள்ள சிற்றூர் சோகாவ்தார். தியாவ் ஆற்றின் மேலுள்ள சிறிய பாலத்தைக் கடந்தால் மியான்மர். அக்கரைச் சின் மக்களும் இக்கரை மிசோக்களும் சொந்தபந்தங்கள். கொள்வினை கொடுப்பினை உண்டு. 2021 பிப்ரவரி 1 அன்று ஆங் சான் சூகியின் அரசை ராணுவம் கவிழ்த்த பிறகு, உயிருக்குப் பயந்தவர்கள் பிள்ளைகுட்டிகளோடு இந்த ஆற்றைத் தாண்டி வந்தார்கள்.

யாரையும் உள்ளே விடக் கூடாது என்று மத்திய உள்துறை அமைச்சகம் எல்லை மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. மிசோரமால் இதை ஏற்க இயலாது என்று அன்றைய முதல்வர் சோரம்தங்கா பிரதமருக்கே எழுதினார். தேவாலயங்களும் இளைஞர் சங்கமும் வந்தவர்களுக்குச் சோறு போட்டன. அவர்கள் எண்ணிக்கை பின்னர் 30,000-ஐத் தாண்டியது.

2021 மார்ச் 27-இல் மியான்மர் தலைநகர் நேபிடாவில் நடந்த ராணுவ தின அணிவகுப்பில் இந்தியப் பிரதிநிதியும் இருந்தார். அன்று ஒரே நாளில் மியான்மரில் நூறு பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜூனில் ஐ.நா. பொதுச்சபையில் ராணுவத்தைக் கண்டித்த தீர்மானத்தை 119 நாடுகள் ஆதரித்தன. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது.

இந்தியா எப்போதும் இப்படி இருந்ததில்லை. மியான்மரின் 1988 மாணவர் எழுச்சியின்போது வெளிப்படையாகவே ஜனநாயகத்தின் பக்கம் நின்றது. 90-களில் கணக்கு மாறியது. வடகிழக்கின் ஆயுதக் குழுக்கள் மியான்மர் காடுகளில் முகாமிட்டிருந்தன. சீனாவின் செல்வாக்கும் அங்கே வளர்ந்தது. 1,643 கி.மீ. எல்லையைப் பகிரும் நாட்டோடு பேச்சையே நிறுத்திவிட முடியாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு.

அந்த எல்லையின் பெரும்பகுதி இப்போது தளபதிகள் கையில் இல்லை என்பதுதான் சிக்கல். 2023 நவம்பரில் சோகாவ்தாருக்கு எதிரே உள்ள ராணுவ முகாம்களைச் சின் போராளிகள் பிடித்தபோது, தப்பியோடிய சிப்பாய்களும் மிசோரமுக்குத்தான் வந்தார்கள். அவர்களை இந்தியா விமானத்தில் திருப்பி அனுப்பியது. 2024 ஜனவரியில் பலேத்வா, அரக்கான் ராணுவம் என்ற கிளர்ச்சிக் குழுவிடம் வீழ்ந்தது. கொல்கத்தாவை சிட்வே துறைமுகம் வழியே மிசோரமோடு இணைக்கும் கலாதன் திட்டத்துக்கு அந்த ஊரைத் தாண்டாமல் வழியில்லை.

பர்மியத் தளபதிகளின் குணம் தமிழர்களுக்குப் புதிதல்ல. 1962-இல் நெ வின் ஆட்சியைப் பிடித்தபின் கடை கண்ணிகளை இழந்து வெளியேறியவர்களில் சிலர் மணிப்பூரின் மோரேயில் தங்கினார்கள். இன்றும் அங்கே அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது.

2024 பிப்ரவரியில், எல்லை மக்கள் 16 கி.மீ. வரை தடையின்றிப் போய்வரும் ஏற்பாட்டை ரத்து செய்வதாகவும் வேலி போடுவதாகவும் மத்திய அரசு அறிவித்தது. சில வாரங்களிலேயே மிசோரம், நாகாலாந்து சட்டப்பேரவைகள் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. டெல்லி முதலில் காதுகொடுக்க வேண்டியது இந்த எல்லை மக்களுக்குத்தான். அக்கரையில் இன்று அதிகாரம் யாரிடம் இருக்கிறது, யாரிடம் பேசினால் காரியம் நடக்கும் என்பதை நன்கறிந்தவர்கள் இவர்களே.